கோலத்தை உடைக்கும் பிடிஎஃப் மாற்றி: நான்கு ஆண்டு அனுபவம்

போன வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கோப்பி குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற அந்த பிடிஎஃப் மாற்றி, விலை பாதியாக் குறைஞ்சிருச்சே, வாங்கலாமா?" நான்கு வருடமாகச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறேன். அவரிடம் சொன்னதை இங்கும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்துக்கு ஆண்டுதோறும் பொங்கல் மலர் தயாரிப்பது என் வேலை. நன்கொடையாளர் பட்டியல், நிகழ்ச்சி நிரல் எல்லாம் பழைய பிடிஎஃப்களில்தான் கிடக்கும். அட்டவணைகளைக் கட்டம் பிசகாமல் வேர்டுக்குக் கொண்டுவருவதில் இந்த மென்பொருளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தமிழும் அப்படித்தான். நான் முன்பு வைத்திருந்த மாற்றியில் 'கொடி' என்ற சொல் 'ெகாடி' என்று கொம்பு முன்னால் போய் நிற்கும். இதில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு திருத்தினால் போதும்.

கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வெக்டர் படம் வந்தால்தான் வினை.

இந்த ஆண்டு அட்டைக்கு, அம்மா நோட்டில் போட்டுக் கொடுத்த சிக்குக் கோலத்தை, ஏழு நேர்ப்புள்ளி, ஒன்று வரை, இரண்டு இரவு உட்கார்ந்து வெக்டராக வரைந்தேன். இழைக்கு அடியில் லேசாக நிழல். பிடிஎஃப்பில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வேர்டுக்கு மாற்றித் திறந்தால் ஒவ்வொரு வளைவும் தனித்தனித் துண்டு. சுட்டியால் தொட்டு இழுத்தால் ஒரு சுழி மட்டும் கழன்று வருகிறது. நிழல் இருந்த இடத்தில் கறுப்புச் சதுரம். இரண்டு இடத்தில் இழையே அறுந்திருந்தது.

காரணம் புரியாமல் திட்டவில்லை. பிடிஎஃப்புக்குள் 'கோலம்' என்று ஒரு பொருள் கிடையாது. இங்கே தொடங்கு, இப்படி வளை, இதை நிரப்பு, இந்த எல்லைக்கு வெளியே மறை என்ற கட்டளைகள்தான் உண்டு. எது எதோடு சேரும் என்று மாற்றிதான் ஊகிக்க வேண்டும். கடினமான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிழலுக்குத் தேவையான ஒளிபுகும் தன்மை பிடிஎஃப் 1.4 பதிப்பில், 2001-லேயே வந்துவிட்டது. முடியாத பகுதியை மட்டும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கி வைத்தால் போதுமே! கறுப்புச் சதுரத்தை வைத்துவிட்டு 'வெற்றிகரமாக மாற்றப்பட்டது' என்று பச்சைக் குறி காட்டுகிறது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாதிரிக் கோப்போடு மூன்று முறை எழுதிவிட்டேன். 'கவனத்தில் கொள்கிறோம்' என்ற ஒரே பதில்.

தேதி திருத்துவதற்காக நான் கொடுத்த அந்த வேர்ட் கோப்பே அவசரத்தில் அச்சுக்குப் போய்விட்டது. விழாவன்று அம்மா மலரை வாங்கி, இழை மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். அறுந்த இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல் மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது நான் செய்வது இதுதான்: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து, கோலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சேமிக்கிறேன். வேர்ட் 2019 முதல் எஸ்விஜியை ஒரே படமாக ஏற்கும். இழை முழுசாக நிற்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போவதில்லை. புகைப்படங்கள் இருந்தால் வேர்ட் அமைப்புகளில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியையும் குறித்துவிடுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், நான் கட்டிய சந்தாவால் நடக்காதது அதில் பத்தே நிமிடத்தில் நடக்கிறது.

நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றேன். அட்டவணையைப் பற்றிச் சொன்ன நல்லதெல்லாம் சத்தியம், அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் வேண்டாம். என் சந்தா ஆகஸ்டில் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. நன்கொடையாளர் பட்டியலில் 140 பெயர்தான், அடுத்த மலருக்கு நானே தட்டச்சு செய்துகொள்கிறேன்.