மேடையா, சின்னத்திரையா?

சிங்கப்பூரில் தமிழில் நடித்தே பிழைக்க நினைப்பவருக்கு வசந்தம் தொலைக்காட்சிதான் பெரிய வாசல். 2008இல் அது தனி ஒளிவழியான பிறகு தொடர், நிகழ்ச்சிப் படைப்பு என வாய்ப்புகள் கூடின. முகமும் வீடுவீடாகப் போய்ச் சேரும்.

மேடையில் வருமானம் குறைவு. ரவீந்திரன் நாடகக் குழு, அகம், அவாண்ட் போன்ற குழுக்களில் பலர் பகல் வேலை முடித்து இரவில் ஒத்திகைக்கு வருபவர்கள். அத்தனை உழைப்பும் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். ஆனாலும் நடிகரை உருவாக்குவது மேடைதான் என்பேன். படப்பிடிப்பில் காட்சிகளை முன்பின்னாக எடுப்பார்கள்; பிசகினால் மறுபடி எடுக்கலாம். விக்டோரியா ஸ்திரீட் நாடக மையத்தில் பாத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை விடாமல் சுமக்க வேண்டும், பின்வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். அந்தக் குரலைக் கேமராவுக்காக அடக்கப் பழகிவிடலாம். திரையிலிருந்து மேடைக்கு வருபவர்தான் அதிகம் திணறுகிறார். இளையர்களே, முதலில் ஒத்திகைக்குப் போங்கள்.