வைஃபை பெட்டி மாட்ட வருபவரிடம் சேனல் எதுவென்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு வரிக்கணக்கு ஆபீஸ் நடத்துகிறேன். ரயில் பெட்டி மாதிரி நீளமாக மூன்று அறை, ஏழு பேர். கடைசி அறையில் நெட் மெதுவாக இருக்கிறதென்று ஒருவரைக் கூப்பிட்டேன். "சிக்னல் வீக் மேடம், ரூமுக்கு ஒண்ணு போட்டுடலாம்" என்று, இருந்த ரௌட்டரோடு இரண்டு அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கூடுதல் பெட்டி) மாட்டி 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். போனைக் காட்டினார்; சிக்னல் முழுசாக இருந்தது. நம்பிவிட்டேன்.

20ஆம் தேதி வந்தது. ஜிஎஸ்டியின் மாதாந்திரப் படிவமான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். சிக்னல் முழுசாகவே நிற்கிறது, போர்ட்டல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அக்கா, ஓடிபி வந்துடுச்சு, பேஜ்தான் வரல" என்று கடைசி அறைப் பெண் அழாத குறை. பெட்டி மாட்டியவரைத் திரும்பக் கூப்பிட்டால், "அக்கம்பக்கத்துல வைஃபை ஜாஸ்தி மேடம், இன்னொரு பெட்டி போடணும்" என்கிறார். அதற்குத் தனியாக 6,000.

நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் வந்தான். போனில் ஒரு இலவச ஆப் திறந்து, "பெரியம்மா, இங்க பாருங்க" என்று நீட்டினான். ஒன்றன்மேல் ஒன்றாகக் குன்றுகள், ஒவ்வொன்றும் ஒரு வைஃபை பெட்டி. எங்கள் பெட்டிகளில் இரண்டு சேனல் 6இல், ஒன்று 8இல். சேனல் என்றால் பெட்டி பேசும் தடம்.

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு பெட்டி பேசுவதற்கோ சுமார் 20 வேண்டும். அதனால் 1, 6, 11 என்று போட்டால்தான் மூன்றும் உரசாமல் நிற்கும். ஒரே சேனலில் இருந்தாலாவது ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். 6க்கும் 8க்கும் அந்த ஒழுங்குகூட இல்லை. ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். போதாக்குறைக்கு சேனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தார். அந்த அலைவரிசையில் பாதியை ஒரே பெட்டி பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் நாலாவது பெட்டி வந்திருந்தால் நெரிசல் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

மாற்றலாமென்றால் அட்மின் பாஸ்வேர்ட் எங்களிடம் இல்லை, அவர் தரவேயில்லை. புடவை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். பெட்டியின் பின்னாலிருந்த ரீசெட் ஓட்டையில் நுழைத்து விளக்கு அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடித்தான். பிறகு எல்லாம் புதிதாக: 1, 6, 11, அகலம் 20. லேப்டாப்களை இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, பெட்டிகளுக்கு அதில் சேனல் 36, 44, 149 என்று பிரித்துக் கொடுத்தான். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டக் கொஞ்சம் திணறும். அறைக்கொரு பெட்டி இருப்பதால் எங்களுக்குக் கவலையில்லை. ஒரு மணி நேர வேலை, காசு செலவில்லை. அடுத்த மாதம் 3பி மதியமே முடிந்தது.

மாட்டியவரிடம் கேட்டேன். "செட்டிங் எல்லாம் நம்ம வேலை இல்ல மேடம்" என்றார். அப்படியானால் 14,500 எதற்கு வாங்கினார்?

உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ யாராவது வந்தால், அந்த ஆப்பைத் திறந்து சேனலைக் காட்டச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.