சட்டி நாற்பது ரூபாய்: திருத்துறைப்பூண்டி சாலைப் பழையதுக் கடை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில், வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. பெயர் எதுவும் எழுதியிருக்காது. காலை ஏழு மணிக்குத் திறந்தால் ஒன்பதரைக்கெல்லாம் பானை காலி. விற்பது ஒன்றே ஒன்று, பழையது. மூன்று மாதமாக வாரத்துக்கு நாலு நாளாவது அங்கே சாப்பிடுகிறேன், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சோறு மாப்பிள்ளைச் சம்பா. சிவப்பு அரிசி, கொஞ்சம் முரடு, ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற பயிர். பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்த விவசாயிகளுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வாரே, அப்படி ஒரு வருடம் வாங்கி வந்த இரண்டு கிலோவில் ஆரம்பித்ததாம் கடைக்கார அக்கா வீட்டு வயல். ஜெயராமன் 2018 டிசம்பரில் போய்விட்டார், நெல் இன்னும் விளைகிறது. அக்கா இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, மண்பானையில் போட்டு, சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கூடவே அன்றைய நீராகாரத்திலிருந்து ஒரு கரண்டி விட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிவிடுகிறார். காலையில் கல் உப்பு போட்டுக் கையால் பிசைந்து, மோர் விட்டு, சட்டியில் வருகிறது. மெல்லிய புளிப்பு, வாடை துளியும் இல்லை. உரித்த சின்ன வெங்காயம் கேட்கிற அளவுக்கு, மோர் மிளகாய், மாவடு, அன்றைக்கு என்ன கிடைத்ததோ அது, வாழைத்தண்டோ வாழைப்பூவோ கீரைத்தண்டோ. முந்தின நாள் மீன் குழம்பைச் சுண்ட வைத்தது வேண்டும் என்றால் முப்பது ரூபாய் கூட. அந்தக் குழம்புக்காகவே வலங்கைமானிலிருந்து ஒருத்தர் பைக்கில் வருகிறார்!

நான் ருசிக்காகப் போகவில்லை, உடம்புக்காகப் போனேன். போன வருடக் கடைசியில் காய்ச்சல், அடுத்தடுத்து இரண்டு தடவை ஆன்டிபயாடிக். காய்ச்சல் போனது, வயிறு போனது போனதுதான். எதைத் தின்றாலும் உப்புசம், விடியற்காலையில் குமட்டல். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது, கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினால் ஒரே வரியை நாலு தடவை கூட்டினேன். வயிறும் தலையும் ஒரே நேரத்தில் ஏன் கெட்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இணையத்தில் விளம்பரம் பார்த்து மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு புரோபயாடிக் பொடி, அதாவது நல்ல பாக்டீரியா கலந்த பொடி, வாங்கி இரண்டு மாதம் குடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த டப்பாவில் எந்த வகை பாக்டீரியா என்றுகூட அச்சடிக்கவில்லை. பாக்டீரியாவில் ஒவ்வொரு வகைக்கும் வேலை வேறு, பெயரே போடாத பொடியை வாங்கவே கூடாது.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது இது. நம் குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை, மூளை உத்தரவு போடுவதைவிட வயிறு சொல்வதைக் கேட்பதுதான் அதிகம். ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வு ஒன்று: குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை அடைத்து வைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹார்மோன் மிக அதிகமாக ஏறியது. இளவயதிலேயே நல்ல பாக்டீரியா ஒன்றைக் கொடுத்தபோது அந்த மிகைப் பதற்றம் அடங்கியது. நம் ஊரில் "வயித்தைக் கலக்குது", "அடிவயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு" என்று பயத்தை எப்போதும் வயிற்றில் வைத்துத்தானே பேசுகிறோம்.

சரி, பழையது இதில் எங்கே வருகிறது? சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறிவிடுகிறது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி ஆகிறது. அவை அதைத் தின்று பியூட்டிரேட் மாதிரியான அமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான். வெங்காயத்தின் நாரும் வாழைத்தண்டு நாரும் அதே வேலைக்கு உதவுகின்றன. நாம் சாப்பிடுவது நமக்கு மட்டும் இல்லை, உள்ளே குடியிருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்தக் கடையின் சட்டியில் அவர்களுக்கான பங்கு நிறைய இருக்கிறது, எனக்கு இந்தக் கடை பிடித்ததற்குப் பெரிய காரணம் அதுதான்.

எனக்கு மூன்றாவது வாரத்தில் உப்புசம் விட்டது, இரண்டாவது மாதம் தூக்கம் திரும்பியது. பழையதால் மட்டும் என்று சொல்லமாட்டேன், இரவுச் சாப்பாட்டையும் எட்டு மணிக்கு முன்னால் மாற்றிக்கொண்டேன்.

இனி எனக்கு வருத்தம் தந்த விஷயம். முதல் மாதம் போனபோது கொட்டகையில் பெரிய பிளக்ஸ் ஒன்று தொங்கியது: "மகிழ்ச்சி ஹார்மோன் 90 சதவீதம் குடலில்! தினம் ஒரு சட்டி பழையது, மன அழுத்தம் போச்சு! மாத்திரை வேண்டாம்!" அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அடித்தது. மகிழ்ச்சி ஹார்மோன் என்று அதில் சொல்வது செரோடோனினை. உடம்பின் செரோடோனினில் 90 சதவீதம் அளவுக்குக் குடலில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, அதற்குக் குடலிலேயே வேலை இருக்கிறது, குடலை அசைப்பதும் நரம்புக்குச் சேதி கொடுப்பதும். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு சட்டி சோற்றில் மகிழ்ச்சி நேராகத் தலைக்கு ஏறாது.

பிளக்ஸின் கடைசி வரி, "மாத்திரை வேண்டாம்", என்னைத் தூங்கவிடவில்லை. என் சித்தி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றாகவும் இருந்தார். யாரோ "வயித்தைச் சரி பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னதைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லாமலே ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் தலைசுற்றல், ஒரு மாதத்தில் யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு இல்லை. மீட்டுக் கொண்டுவர அரை வருடம் ஆனது.

அக்காவிடம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன். "நல்லதுதானே தம்பி எழுதியிருக்கு" என்றார். உணவால் மனச்சோர்வு குறைந்ததற்கும் ஆதாரம் இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான சோதனையைச் சொன்னேன். 67 பேர், 12 வாரம். உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு நோய் தணிந்தது, பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள், சாப்பாடு சிகிச்சையோடு சேர்ந்து நின்றது. சித்தி கதையையும் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் சில விஷயங்கள். மாவடு, மோர் மிளகாய் எல்லாம் உப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது சோறுதான், அரைச் சட்டி கேட்டால் இருபது ரூபாய்க்குத் தருகிறார். வைட்டமின் பி12 குறைந்தால் மறதி, கால் மரத்துப்போவது எல்லாம் வரும், அதற்கு அரிசியை நம்பாதீர்கள், மீன், முட்டை, பால், மோர்தான் வழி. வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம், வடித்த சோற்றைச் சூட்டோடு மூடி மணிக்கணக்கில் விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சு உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆறவைப்பதும் சீக்கிரம் புளிக்கவைப்பதும்தான் காப்பு, அக்கா இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கை கழுவுகிற இடத்தில் சோப்பு பல நாள் இருப்பதில்லை, இதைச் சொல்லியும் மாறவில்லை.

போன வாரம் போனபோது பிளக்ஸைக் காணோம். அந்த இடத்தில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று, சாக்பீஸில்: "அரிசி மாப்பிள்ளைச் சம்பா. ஊறப் போட்டது நேத்து ராத்திரி 7 மணி. தொட்டுக்க வாழைப்பூ. மாத்திரை சாப்பிடுறவங்க மாத்திரையை நிறுத்தாதீங்க." வெள்ளிக்கிழமை கடை இல்லை. சில்லறையாகக் கொண்டுபோங்கள்.