பத்து வருஷ கார்டா, பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓசிஐயுமா?

பிரான்ஸில் சில காலம் வேலை பார்த்து, குடும்பமும் வந்து சேர்ந்து, பத்து வருஷ கார்ட் (பத்து வருடம் இங்கே வசிக்க அனுமதிக்கும் அட்டை) கைக்கு வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது கேட்டுவிடுவார்கள்: "நேஷனாலித்தே போட்டாச்சா?" பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாயா என்று அர்த்தம். நான் போட்டேன், கிடைத்தது. இப்போது பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டையும் வைத்திருக்கிறேன். என் மனைவி இந்திய பாஸ்போர்ட்டும் பத்து வருஷ கார்டுமாகவே இருக்கிறாள். அதனால் ஒரே வீட்டில் இரண்டு வழியையும் பார்க்க முடிகிறது. ஊருக்குப் போய் வருவதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட் பக்கம்தான் என் கை நீளும். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. பிரான்ஸுக்கு இரட்டைக் குடியுரிமையில் ஆட்சேபம் கிடையாது. ஆனால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமை அப்போதே போய்விடும். அதற்குப் பதிலாகத்தான் 2005 முதல் ஓசிஐ தருகிறார்கள். பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் நடைமுறையில் அது ஆயுட்கால விசா. சட்டத்தில் சொன்ன காரணங்களுக்காக அரசு அதை ரத்து செய்யவும் முடியும்.

புதுச்சேரிக் குடும்பங்களின் கதை தனி. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அங்கிருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்போது எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இங்கே பிறவியிலேயே பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் யோசிக்க வேண்டியது ஓசிஐ ஒன்றைத்தான். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் ஓசிஐ உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஈழத்து நண்பர்களின் கணக்கு முற்றிலும் வேறு. இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருகிறது. அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் அகதிகளுக்கான பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு சொந்த நாட்டுக்குப் போக முடியாது. இந்தக் கட்டுரை இந்திய பாஸ்போர்ட்டோடு வந்தவர்களுக்கு.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் பாரிஸின் ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் வரிசை சின்னது. கொழும்பு வழியாகவோ வளைகுடா வழியாகவோ போகும்போது இடையில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்க விசா தலைவலி குறைவு. செலவு என்று பார்த்தால், பெரியவர்களுக்கான பிரெஞ்சு பாஸ்போர்ட் 86 யூரோ, ஓசிஐக்கு 275 டாலருக்கு ஈடான யூரோ, மேலே சேவைக் கட்டணம். ஒரு தடவை செலவு, தாங்கலாம். இதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: ஊரிலிருந்து போன் வந்த அன்று இரவே கிளம்ப முடியுமா?

நம் ஊரில் துக்கம் நடந்தால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காக ஐஸ் பெட்டி வரவழைத்துக் காத்திருப்பார்கள். போனில் அண்ணன் கேட்பது ஒரே கேள்வி: "எப்ப வந்து சேருவ?" அந்தப் பதிலை வைத்துத்தான் எடுக்கும் நேரம் முடிவாகும். பாரிஸிலிருந்து ஒரு இடத்தில் விமானம் மாறிச் சென்னை, அங்கிருந்து சாலை வழியாக ஊர் என்றால் எப்படியும் ஒரு பகல் ஒரு இரவு ஓடிவிடும். டிக்கெட் விலையைக் கூட அப்போது யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கையில் இருக்கும் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பத்து வருஷ கார்ட் செல்லுபடியாக இருக்கும் வரை ஒரு குறையும் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் யாரும் எதுவும் கேட்காமல் இறங்கலாம், கார்டைக் காட்டித் திரும்பலாம். சிக்கல் புதுப்பிக்கும் மாதங்களில்தான். கார்ட் முடியும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டாலும், புது கார்ட் வர எவ்வளவு காலம் ஆகும் என்பது மாவட்ட நிர்வாக அலுவலகமான ப்ரெஃபெக்தூருக்கு ப்ரெஃபெக்தூர் மாறும். இடையில் ஒரு நீட்டிப்புத் தாள் தருவார்கள். காலாவதியான கார்டோடு அந்தத் தாளும் இருந்தால் பிரான்ஸுக்குத் திரும்பி வரலாம். சட்டப்படி சரி. ஆனால் அந்தத் தாள் நாமே கணினியிலிருந்து அச்செடுத்த ஒரு ஏ4 தாள், முழுக்க பிரெஞ்சில் இருக்கும். சென்னையில் பின்னிரவு இரண்டு மணிக்கு செக்-இன் கவுண்டரில் இருக்கும் பெண் கார்டைத் திருப்பிப் பார்க்கிறார். தேதி முடிந்திருக்கிறது. தாளைப் பார்க்கிறார், படிக்கத் தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிடுகிறார், அவர் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்புகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படி நின்றிருக்கிறாள். கடைசியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் "போர்டிங் பாஸ் கையில் வரும் வரை வயிறு கலங்கியது" என்று இன்றும் சொல்வாள்.

அந்தத் தாளும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கட்டிடத்தில் இருந்த நண்பர் ஒருவருக்கு கார்ட் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் போக ரான்தேவூ (சந்திப்பு நேரம்) கிடைக்கவில்லை, கையில் எந்தத் தாளும் இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா தவறிவிட்டார். போவதற்குத் தடையில்லை. திரும்புவதற்குத்தான் பிரெஞ்சுத் தூதரகத்தில் திரும்பும் விசா வாங்க வேண்டும். அது எத்தனை வாரமோ, வேலை என்னாகுமோ, இங்கே பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் என்னாவார்களோ. அவர் போகவில்லை. தம்பி கொள்ளி வைத்ததை வீடியோவில் பார்த்தார். பல ஆண்டுகள் ஒழுங்காக வரி கட்டிய மனிதர். இது யாருக்கும் நடக்கக்கூடாது.

பத்து வருடத்துக்கு ஒரு முறைதானே என்று கேட்கலாம். ஒரு ஆளுக்கு அப்படித்தான். குடும்பமாகப் பாருங்கள். கணவன் கார்ட் ஒரு தேதியில் முடியும், மனைவி கார்ட் வேறொரு தேதியில். இந்தியக் குழந்தைகளுக்குத் தனியாகப் பயண அட்டை வேண்டும், அது அதிகபட்சம் ஐந்து வருடம். அவர்கள் இந்திய பாஸ்போர்ட்டும் ஐந்து வருடம். நாலு பேர் உள்ள வீட்டில் ஏதாவது ஒன்று எப்போதும் முடியப் போகிறது. அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டும் வயதில்தான் நமக்கும் இந்தப் புதுப்பித்தல்கள் வரிசை கட்டுகின்றன.

ஓசிஐயில் இந்தப் பராமரிப்பு ரொம்பக் குறைவு. 2021இல் விதிகளைத் தளர்த்தினார்கள். பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு பயணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. இருபது வயதுக்குப் பிறகு ஓசிஐ எடுத்தவர் பாஸ்போர்ட் மாறும்போது புது அட்டை வாங்கத் தேவையில்லை. ஐம்பது முடிந்தபின் ஒரே ஒரு தடவை புது பாஸ்போர்ட் நகலையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் ஏற்ற வேண்டும், இருபது தாண்டியபின் ஒரு முறை புது அட்டை வாங்க வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு, அதற்கான வசதி உள்ள எந்த ஊர் மேரியிலும் (நகராட்சி அலுவலகம்) விண்ணப்பிக்கலாம்.

ஓசிஐ எதற்கு, இ-விசா போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சும்மா போய் வர அது போதும். ஆனால் குறைந்தது நாலு நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஐஸ் பெட்டி நாலு நாள் காத்திருக்காது.

இதே கணக்கின் இன்னொரு பக்கம், ஊரில் நீண்ட நாள் தங்குவது. அம்மா படுக்கையில் விழுந்தால் பத்து நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தீராது. சிலர் வேலையை விட்டுவிட்டுப் போய் உடன் இருக்கிறார்கள். பத்து வருஷ கார்ட் வைத்திருப்பவர் தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே இருந்தால் கார்ட் போய்விடும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் இருந்தால் அந்தப் பக்கம் எத்தனை வருடமும் தங்கலாம், போலீஸ் பதிவு தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் இந்தப் பக்கம் திரும்பலாம். என் மனதில் தராசு சாய்ந்தது இந்த இடத்தில்தான்.

இழப்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டு போகும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனும் ஊருக்கு நேரில் போனால்தான் ஓட்டுப் போட முடியும் என்பதால், நடைமுறையில் நான் அதை எப்போதோ இழந்துவிட்டிருந்தேன். இங்கேயோ கார்ட் வைத்திருப்பவருக்கு மேயர் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. இருந்தாலும் "லிஸ்ட்ல உன் பேரை எடுத்துட்டாங்கடா" என்று அம்மா போனில் சொன்னபோது நெஞ்சில் ஏதோ அடைத்தது. அதற்கு ஈடு என்று எதையும் சொல்ல முடியாது.

நிலம் பற்றி நிறைய தவறான பேச்சு இருக்கிறது. ஓசிஐ எடுத்தால் விவசாய நிலம் வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் வாங்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே விதிதான். அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் நஞ்சையும் புஞ்சையும் இருவருக்கும் வரும். வீடு, மனை இருவரும் வாங்கலாம். வேறுபாடு எங்கே என்றால், நிரந்தரமாக ஊருக்கே திரும்பிப் போய் நிலம் வாங்கி விவசாயம் செய்யும் எண்ணம் இருந்தால்தான். அந்தக் கனவு உறுதியாக இருப்பவர்கள் இந்திய பாஸ்போர்ட்டை விடாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

இன்னொன்று, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்குவது லேசான காரியம் இல்லை. 2026 ஜனவரி முதல் பிரெஞ்சு மொழித் தகுதி பி1 என்ற நடுத்தர நிலையிலிருந்து அதற்கு அடுத்த பி2 நிலை ஆகிவிட்டது, குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கிறது. வீட்டிலேயே இருக்கும் பெண்களுக்கு, சமையலறையிலும் கட்டுமானத்திலும் தமிழிலேயே வேலை நடக்கும் ஆண்களுக்கு, இது பெரிய மலை. என் மனைவி கார்டோடு நிற்பதற்கும் இதுதான் காரணம். அப்புறம் காகிதங்கள். நம் பிறப்புச் சான்றிதழோடு பெற்றோரின் பிறப்பு, திருமணப் பதிவுகளையும் கேட்கிறார்கள். வீட்டிலேயே பிறந்த நம் அப்பாக்களுக்குப் பிறப்புப் பதிவு ஏது? தாலுகா ஆபீஸில் பதிவு இல்லை என்று ஒரு தாள், அதன்மேல் அப்போஸ்டில் என்ற அரசு அத்தாட்சி முத்திரை, பிறகு இங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர். இனிஷியல் தனிக் கதை. இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அப்பா பெயர் எது, உங்கள் பெயர் எது என்று ஒவ்வொரு மேசையிலும் விளக்க வேண்டும். இந்தக் குழப்பத்தை விண்ணப்பத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வருகிறதோ, ஓசிஐயிலும் அப்படித்தான் வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்லது உண்டு. அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெறும்போது, கூட வசிக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரைக் குடியுரிமை வழங்கும் ஆணையில் சேர்த்தால் அவர்களும் பிரெஞ்சுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் வீட்டில் ஒருவர் மட்டும் போட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஆபத்தான காலம் ஒன்று இருக்கிறது. ஆணை வெளியான நாளிலிருந்து ஓசிஐ கைக்கு வரும் நாள் வரை. இந்திய பாஸ்போர்ட்டில் அதற்குப் பிறகு பயணம் செய்யக் கூடாது. புதிய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு நான்த் நகரத்துப் பதிவு அலுவலகத்திலிருந்து வர வேண்டும், அதை வைத்து அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று, அதன்பிறகுதான் ஓசிஐ. அந்த மாதங்களில் எனக்கு அவசரப் பயணம் எதுவும் வரவில்லை, அதனால் அப்படி வந்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியவில்லை. பெற்றோர் உடல்நிலை மோசமாக இருக்கும்போது இந்த வாசலில் காலை வைக்காதீர்கள். கார்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊருக்குப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வாருங்கள், விண்ணப்பம் பிறகு போடலாம்.

அவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போது போடுகிறீர்கள் என்றால், ஆணை வருவதற்கு முன்பே ஓசிஐக்கான காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். பிரெஞ்சு புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், ஓசிஐக்கு இரண்டு அங்குலச் சதுரம். ரெண்டையும் ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம்.