பஞ்சுவின் 22 நகங்கள்: ஐந்து வருட அனுபவம்

டெக்சஸில் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து பஞ்சுவைக் கூட்டி வந்து ஐந்து வருடம் ஆகிறது. கிரேட் பிரனீஸ் ஜாதி, 48 கிலோ, உடம்பெல்லாம் வெள்ளை முடி. வந்த வாரமே வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். குட்டி எடுக்கும்போது நகம் எண்ணிப் பார்க்கிற ஆள் அவர். "எத்தனை நகம்ப்பா?" என்றார். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் ஆறாறு, மொத்தம் 22 என்றேன். "தப்பா எண்ணுற" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தப்பில்லை. பொதுவாக நாய்க்கு 18 நகம்தான். இந்த ஜாதிக்குப் பின்காலின் உட்பக்கத்தில், தரையில் படாத உயரத்தில், கட்டைவிரல் மாதிரி இரண்டிரண்டு கூடுதல். இங்கே டியூக்ளா என்கிறார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள பிரனீஸ் மலையில் ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த நாய்கள் இவை. போஸரான், பிரியார் என்ற பிரெஞ்சு நாய்களுக்கும் இதே இரட்டை நகம் உண்டு. நாய்க் கண்காட்சியில் அது இல்லாவிட்டால்தான் குறை. மலையேறப் பிடிமானத்துக்கு என்று சொல்வார்கள். அந்த இரண்டில் பஞ்சுவின் மேல்விரல் வெறும் தோலில் தொங்கி ஆடுகிறது. அது எந்த மலையைப் பிடிக்கப்போகிறதோ!

மற்ற நகங்கள் நடக்க நடக்கக் கொஞ்சமாவது தேயும். இவை தேயாது. வளைந்துகொண்டே போய், விட்டால் சதைக்குள் இறங்கிவிடும். இது எனக்குத் தெரியாது. மாதாமாதம் ஒரு க்ரூமிங் கடையில் குளிப்பாட்டி நகம் வெட்டி வாங்கி வந்தேன். நாலாவது மாதம் இடது பின்காலை ஓயாமல் நக்கினான். எச்சில் பட்டுப் பழுப்பாகியிருந்த முடியை விலக்கினால் குப்பென்று ஒரு நாற்றம். நகம் முறுக்கு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, நுனி சதையில் குத்தி நின்றது. கடைக்காரர்கள் 18 நகத்தை அழகாக வெட்டி, முடிக்குள் இருந்த நாலையும் அப்படியே விட்டிருந்தார்கள். அப்புறம் டாக்டர், ஆன்டிபயாடிக், நக்காமல் இருக்கப் பத்து நாள் கழுத்தில் கூம்பு.

அன்றிலிருந்து நானே வெட்டுகிறேன். முதலில் வாங்கியது, ஓட்டைக்குள் நகத்தை விட்டு அழுத்துகிற கட்டர். வளைந்த நகம் அந்த ஓட்டைக்குள் நுழையவே இல்லை; தண்டச் செலவு. பிளையர் மாதிரி இரண்டு பக்கமும் வாய் திறக்கிற கட்டர்தான் சரி. நகத்தைத் தேய்த்துவிடுகிற கிரைண்டரும் இருக்கிறது. முனையை மழுக்க நல்லது, ஆனால் சுற்றுகிற தலையில் முடி சிக்கினால் நாய் வீட்டையே தூக்கிவிடும். பழைய நைலான் சாக்ஸைக் காலில் மாட்டி, நகம் மட்டும் வெளியே வரும்படி குத்தி எடுத்துக்கொண்டால் சிக்காது.

பஞ்சுவுக்கு வெளிர் நகம். உள்ளே ரத்த ஓட்டம் ரோஸாகத் தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவேன். ஒரு தடவை அவசரத்தில் அதையும் வெட்டிவிட்டேன். வெள்ளை முடியில் சொட்டு ரத்தம் பட்டாலே கொலைக் களம் மாதிரி இருக்கும். ரத்தத்தை நிறுத்துகிற ஸ்டிப்டிக் பவுடர் தீர்ந்துபோயிருந்தது. சோள மாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்ததில் நின்றது.

இந்தக் கூடுதல் விரல்களையே எடுத்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். டாக்டரிடம் கேட்டேன். கீழ்விரலில் எலும்பு இருக்கிறது, வளர்ந்த நாய்க்கு அதை எடுப்பது விரலை வெட்டுகிற மாதிரி, அடிக்கடி கிழிந்தால் பார்க்கலாம் என்றார். மூன்றாம் வருடம் வேலிக் கம்பியில் மாட்டி ஒரு தடவை கிழிந்தது. கம்பியைத்தான் மாற்றினேன்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு. விளக்கு, கட்டர் எல்லாம் அப்புறம். முதலில் விரலை முடிக்குள் விட்டு நாலு நகத்தையும் தடவிப் பார்ப்பேன்.

போன டிசம்பரில் அப்பா வந்திருந்தார். ஹாலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பஞ்சுவைப் படுக்கப் போட்டுத் தானே எண்ணினார். 21 வந்தது. வலது பின்காலில் ஒன்று முடிக்குள் ஒளிந்திருந்தது.