கணினி எழும்போது படமா, எழுத்தா?

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்து வாசிகசாலையில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஆறு பழைய கணினிகளை நான் பராமரிக்கிறேன். போன மாரிக்கு முன் அவற்றில் ஐந்தின் தொடக்கப் படத்தை எடுத்துவிட்டேன். இப்போது சுவிட்சைப் போட்டால் சின்னமும் சுழலும் வட்டமும் வருவதில்லை. கறுப்புத் திரையில் எழுத்து வரிகள் ஓடுகின்றன.

அழகில் படம்தான் மேல், அதில் வாதமில்லை. வேகத்தில் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. படத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் காரணம் இருந்தது. தொடக்கப் படத்தைக் காட்டும் மென்பொருளின் பெயர் பிளைமவுத். 2008இல் ஃபெடோரா 10 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்துடன் வந்த அது, திரை இடையில் மினுங்காமல் நுழைவுப் பக்கம் வரை சீராகப் போக வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. 2010இல் உபுண்டுவும் அதை எடுத்துக்கொண்டது.

நான் எழுத்தின் பக்கம் போனது பராமரிப்புக்காக. என் வீடு கிளிநொச்சியில். ஏ9 வீதியில் மாங்குளம் வரை ஒரு பஸ், அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் இன்னொன்று. ஒன்று தவறினால் அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். அந்த நாட்களில்தான் வாசிகசாலையைக் கவனிக்கும் தங்கச்சியிடமிருந்து அழைப்பு வரும்: "அண்ணா, படம் வந்து அப்படியே நிற்கிறது." அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? கணினி வன்தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையைச் சரிபார்க்கிறதா, காணாத வன்தட்டுக்காகக் காத்திருக்கிறதா, உறைந்தே விட்டதா, மூன்றுக்கும் ஒரே படம்தான். ஒரு நிமிடம் பார்ப்பார், பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார். சரிபார்ப்பின் நடுவே அப்படி அணைப்பதுதான் உண்மையான கேடு. இரண்டு கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. அவரில் பிழை சொல்ல மாட்டேன்.

எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் விலகி எழுத்துத் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சற்று முந்தி, இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டால் இயங்குதளத்தை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலின் கட்டளை வரியில் போய் விழும். தொலைபேசியில் அதிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு.

ஆகவே கிரப்பின் அமைப்புக் கோப்பில் வரிகளை அடக்கும் 'குவைட்', படத்தைக் காட்டும் 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினேன். கார்த்திகை மழையில் ஒரு காலை மீண்டும் அழைப்பு வந்தது. இந்த முறை தங்கச்சி கடைசி வரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். ஏதோ ஒரு வன்தட்டுக்காகக் காத்திருப்பதாகவும், பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி என்ற எல்லையை நோக்கி எண் ஏறுவதாகவும் சொன்னார். பரீட்சை வினாத்தாள்கள் சேமித்த இரண்டாவது வன்தட்டு என்று உடனே விளங்கியது. மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, தளர்ந்த கேபிளை அழுத்தச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்த முறை போனபோது அந்தத் தட்டுக்கு 'நோஃபெயில்' என்றும் சேர்த்துவிட்டேன். இனி அது காணாமல் போனாலும் கணினி எழும்பும்.

படத்துக்கு ஒரு நியாயம் மட்டும் என்னை உறுத்துகிறது. லினக்ஸின் எழுத்துத் திரை தமிழைச் சரியாகக் காட்டாது. அதன் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, கொம்பையும் விசிறியையும் உரிய இடத்தில் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. படத்திரையில் தமிழ் வரியைக் காட்ட வழியுண்டு. "வன்தட்டைத் தேடுகிறேன், அணைக்க வேண்டாம்" என்று அது தமிழில் சொல்லுமானால், நான் படத்துக்கே திரும்பிவிடுவேன்.

கடவுச்சொல் இல்லாமல் வன்தட்டு திறக்காதபடி மறையாக்கம் செய்த கணினிகள் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். என் மடிக்கணினி ஒன்றில்தான் அந்த அனுபவம். கடவுச்சொல் கேட்கும் பெட்டி படத்திரையில் தெளிவாக இருக்கிறது, எழுத்து வரிகளுக்குள் கேள்வி புதைந்துபோகிறது. அதில் படத்தை விட்டுவைத்திருக்கிறேன். வாசிகசாலையின் ஆறாவது கணினியிலும் படம் இருக்கிறது. அதற்கு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டாயிற்று, படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் நுழைவுப் பக்கம் வந்துவிடுகிறது.