இடிபாட்டு ஜல்லி, சுரண்டிய தார், பேவர் கல்: போட்டுப் பார்த்த காண்ட்ராக்டர் சொல்வது

பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு இடித்த கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்து விற்கிறார்களே, அந்த ஜல்லியை ரோட்டுக்கு அடியில் போடத் தாராளமாக வாங்கலாம். அதில் செய்த பேவர் கல்லை உடைத்துப் பார்த்து வாங்கலாம். தூண், பீம் கான்கிரீட்டில் கலக்க நான் வாங்க மாட்டேன்.

வேலை, மேடவாக்கம் பக்கத்தில் ஒரு பழைய லேஅவுட்டின் உட்சாலை. குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான பாதை என்பதால் செலவு முழுக்க அவர்கள் கைக்காசு. ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி ரோடு வளர்ந்துவிட்டது, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. கொஞ்சம் பலமாகப் பெய்தால் தண்ணீர் கேட்டைத் தாண்டி கார் ஷெட்டில் வந்து நிற்கும். சென்னையில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிற தொழில் இவ்வளவு வளர்ந்ததில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அரசு ரோடுகளுக்கு ஒரு கடிவாளம் வந்தது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய மட்டத்திலேயே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். தனியார் லேஅவுட்டில் இதை யார் கேட்கப்போகிறார்கள்? சங்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கேட்டார், அதனால்தான் இந்த வேலையே என் கைக்கு வந்தது.

என் திட்டம் இதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுப்பது. அடியில் ஆறு அங்குலத்துக்கு இடிபாட்டு ஜல்லி, அதன்மேல் குவாரி ஜல்லியில் வெட்மிக்ஸ் (ஜல்லியும் தூளும் தண்ணீர் சேர்த்துக் கலந்து இறுக்குவது), அதன்மேல் மெல்லிய மணல் படுகை, கடைசியில் 80 மில்லிமீட்டர் பேவர் கல். சுரண்டிய தாரை வெளியே கொட்டாமல் பூங்கா ஓரத்து பார்க்கிங்குக்குப் போடுவது.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பிடித்துக்கொண்டார். “ஏன் தம்பி, யாரோ இடிச்ச வீட்டுக் குப்பையை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?”

“நீங்க பொறந்த வீடு மயிலாப்பூர்தானே டீச்சர்? மொட்டைமாடி மெட்ராஸ் டெரஸா?”

“ஆமா.”

“அது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான டீச்சர். உடைச்ச செங்கல்லு நமக்குப் புதுசா என்ன?”

சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ரோட்டு வேலைக்கு இடிபாட்டுச் சரக்கை எப்படிப் பயன்படுத்தலாம் என்று இந்திய சாலை காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2017இலேயே தனி வழிகாட்டி போட்டிருக்கிறது. ஐ.ஆர்.சி. 121 என்று அதற்கு எண். வழிகாட்டி இருப்பது வேறு, நம் சைட்டில் வந்து இறங்குகிற லோடு வேறு.

முதல் லோடு அருமையான சரக்கு. சாம்பல் நிறம், கைக்குச் சொரசொரப்பு, ஒவ்வொரு கல்லிலும் பழைய சிமெண்ட் கலவை ஒட்டியிருக்கும். குவாரி ஜல்லியைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் மேலே ஈரம் மினுமினுக்கும், அவ்வளவுதான். இதைப் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே குடிக்கும், எடுத்த சற்று நேரத்தில் மேல்தோல் மங்கிவிடும். அந்த ஒட்டிய கலவைதான் தண்ணீரை இழுக்கிறது. அதனால் இதை எந்தக் கான்கிரீட்டுக்கு எடுத்தாலும் முதல் நாளே தண்ணீர் அடித்து ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் சிமெண்டுக்கு ஊற்றிய தண்ணீரை ஜல்லி குடித்துவிடும், கொத்தனார் மறுபடி மறுபடி தண்ணீர் கேட்பார், கலவை கெடும். ரோட்டுக்கு அடியில் போடும்போது இந்தத் தாகம் பெரிய தொல்லை இல்லை. தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக அடித்து ரோலர் விட்டால் நன்றாக இறுகுகிறது. நடுவே கிடக்கும் செங்கல் துண்டுகள் ரோலருக்கடியில் நசுங்கிச் சந்துகளை அடைக்கின்றன. பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய அந்தக் களிமண்ணில் கால் புதையாத ஒரு தளம் கிடைத்தது.

அடுத்து வந்த வண்டியில்தான் வயிற்றெரிச்சல். டிப்பர் சாய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக ஃபால்ஸ் சீலிங் துண்டு, தெர்மோகோல், ஒயர் பைப், கதவுச் சட்டத்து மரச் சிலாம்பு, டைல்ஸ். ஜல்லி அனுப்பிய யார்டுக்கு போன் போட்டால், “எல்லாம் ரோட்டுக்கு அடியில போறதுதானே சார்” என்கிறார். அடியில் போனால் மண்ணுக்குத் தெரியாதா? மரம் மக்கினால் அந்த இடம் பொந்தாகும், மேலே பேவர் உட்காரும். ஃபால்ஸ் சீலிங் என்பது ஜிப்சம். அது சிமெண்டோடு சேர்ந்து ஈரம் பட்டால் உப்பும், கான்கிரீட் வெடிக்கும். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். வாடகை யார் தருவது என்று அரை நாள் இழுபறி, கடைசியில் பாதிப் பாதி. யார்டு பெயர் வேண்டாம். அடுத்தடுத்த லோடுகளை ஒழுங்காகவே அனுப்பினார்கள்.

இதில் யார்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சரக்கின் தரம் நொறுக்குகிற மிஷினில் முடிவாவதில்லை, வீடு இடிக்கிற வாசலில் முடிவாகிறது. இடிக்கிற காண்ட்ராக்டர் முதலில் கதவு, ஜன்னல், கிரில், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுவார், அதற்குக் கடை இருக்கிறது. கம்பிக்குக் கிலோ விலை இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு என்றால் செங்கல் முழுசாக உதிர்ந்து வரும், அதையும் எண்ணி விற்றுவிடலாம். சிமெண்டில் கட்டிய சுவர் என்றால் செங்கல் கலவையோடு சேர்ந்தே உடையும். விலை போகாத மிச்சமெல்லாம் ஒரே குவியல். ஜேசிபி அதை அப்படியே அள்ளி டிப்பரில் போடும். நல்ல ஆளாக இருந்தால் அந்த டிப்பர் ஆலைக்குப் போகும். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஏரிக்கரையில் கவிழும். சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணையின் ஓரங்களும் இதற்குத் தப்பவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டட இடிபாட்டுக்கென்று 2016இலேயே தனி விதிகள் வந்தன. 2025இல் புது விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றார்கள். ஆனால் அதில் பெரிய பொறுப்பெல்லாம் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்கு. நம் தெருவில் ஒரு கிரவுண்டு வீட்டை இடித்து நாலு ஃபிளாட் போடுகிறவர் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை நொறுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேருகிற குவியல் பிரித்த குவியலாக இருந்தால்தானே நல்ல ஜல்லி வெளியே வரும்?

தூண், பீமுக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383இன் 2016 பதிப்பு, சுத்தமான கான்கிரீட்டை நொறுக்கிய ஜல்லியைக் கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 தரம் (எண் கூடினால் பலம் கூடும்) வரைக்கும் 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. எம்15க்குக் கீழான சாதாரண கான்கிரீட்டில் முழுக்கவே போடலாம். செங்கல் கலந்த சரக்குக்கு அந்த 25ம் கிடையாது, 20ம் கிடையாது. என் சைட்டில் இறங்குகிற லோடு எந்த வகை என்று நான் எதை வைத்துச் சத்தியம் செய்வது? பெரிய கம்பெனிக்கு லேப் இருக்கிறது, அவர்கள் செய்யட்டும். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பி.சி.சி. என்கிற கம்பி இல்லாத மெலிந்த கான்கிரீட்டுக்கு நான் இதையே போட்டுக்கொள்கிறேன்.

பேவர் கல்லுக்கு வருவோம். வெட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்கு. மேலே கலர் போட்ட மெல்லிய அடுக்கு, அது குவாரித் தூள். கீழே பருமனான உடம்பு, அதில்தான் இடிபாட்டுச் சரக்கு. வாங்குவதற்கு முன் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல கல் வெண்கலப் பானை மாதிரி ‘ணங்’ என்று சொல்லும், சரியாகக் கியூரிங் ஆகாத, அதாவது ஈரத்தில் வைத்துப் பதப்படாத கல் ‘தொப்’ என்று விழும். அப்புறம் ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்து உள்ளே மரத்துண்டோ டைல்ஸ் பளபளப்போ தெரிகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள். ஐ.எஸ். 15658 பேவருக்கான தரம். அதன்படி கல் உறிஞ்சும் தண்ணீர் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனக்கு வந்த கற்கள் தேறின. கலர்தான் சுமார். சிவப்பு என்று கேட்டால் செம்மண் நிறத்தில் வருகிறது, ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் சாயல் வேறு. பாதை போட்டதும் மழையில் ஒரு இடத்திலும் தண்ணீர் தேங்கவில்லை, கேட்டுக்குள்ளும் போகவில்லை. டீச்சருக்கு மட்டும் அந்தக் கலர் இன்னும் பிடிக்கவில்லை.

இடிபாட்டு மணலும் வாங்கினேன். கழுவிய மணல் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் செங்கல் தூளும் பூச்சுத் தூளும் இருக்கத்தான் செய்கின்றன. குழி நிரப்ப, பைப் மேல் போட, சரி. பேவர் படுகைக்கு எம்-சாண்டே போட்டேன், ஏனென்றால் அங்கே தூள் அதிகமானால் தண்ணீர் இறங்காது, சேறாகும். பூச்சு வேலைக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சுரண்டிய தார்தான், அது காசு கொடுத்து வாங்காத சரக்கு. தாரைச் சுரண்டும் பெரிய மில்லிங் மிஷின் உள்ளே திரும்பாது, சின்ன டிரம் பொருத்திய வண்டியை வாடகைக்கு எடுத்தோம். கருப்பு ஜல்லியாகப் பொடிந்து வந்தது. அதில் பழைய தார் இன்னும் ஒட்டியிருக்கிறது, வயதாகி இறுகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய பிளாண்டில் இதையே சூடாக்கி, கொஞ்சம் புதுத் தாரும் புது ஜல்லியும் சேர்த்து மறுபடி ரோடாகப் போடலாம். அதற்கும் 2015இல் வந்த ஐ.ஆர்.சி. 120 இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. பார்க்கிங் இடத்தில் பரப்பி, உச்சி வெயிலில் ரோலர் விட்டோம். வெயில் முக்கியம். காலையில் ரோலர் விட்ட பகுதி உதிரியாகவே நின்றது, மதியம் விட்ட பகுதி கையால் கிள்ள முடியாதபடி பிடித்துக்கொண்டது. கார் டயர் ஒரே இடத்தில் திரும்பும் மூலைகளில் மட்டும் கல் பெயர்கிறது. அங்கே எமல்ஷன் (தண்ணீரில் கரைத்த தார்) தெளிக்க வேண்டும்.

“பிளாஸ்டிக் ரோடு போட்டிருக்கலாமே?” என்று சிலர் கேட்டார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே போட்டுக் காட்டியது. துண்டு துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சுடுஜல்லி மேல் தூவினால் உருகி ஜல்லிக்குத் தோல் போலப் படியும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். பி.வி.சி. சேர்க்கக் கூடாது, சூட்டில் கெட்ட வாயு வரும். ஆனால் இதெல்லாம் ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்டில் நடக்க வேண்டிய வேலை, பேவர் பாதைக்குச் சம்பந்தமில்லை.

விலை விஷயம். குவாரி ஜல்லியைவிட மலிவு என்று சொல்வது யார்டு வாசலில் மட்டும் உண்மை. தூரம் கூடினால் டிப்பர் வாடகை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும், அதனால் பக்கத்து யார்டாகப் பாருங்கள். ஜல்லியை யூனிட் கணக்கில், அதாவது கன அடி அளவில், வாங்காமல் டன் கணக்கில் வாங்குங்கள். கருங்கல் ஜல்லியைவிட எடை குறைவு என்பதால் ஒரு டன்னுக்குக் கூடுதல் கன அடி கிடைக்கும். மணலுக்கு நேர்மாறு: கழுவிய ஈரத்தோடு எடை போடுவார்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு போகும், அதை யூனிட்டில் வாங்குங்கள். இரண்டையும் ஐப்பசி பிறப்பதற்குள் இறக்கிவிடுங்கள். மழையில் நனைந்த குவியலில் ஃபால்ஸ் சீலிங் துண்டும் சாம்பல் நிறமாகிவிடும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.